எட்டாத இடம்

ஜூன் மாதம். மணி பத்தாகியும்
வெளிச்சம் வீட்டுக்குப் போகவில்லை.
கதவில் குன்வால்திஸ்,
சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி.
"படகுக் கொட்டகைக்குத் தகரம் போட்டேன்" என்றான்.
"கடல் காற்று. சூடே தெரியவில்லை, விஸ்மா."

தெரியாதுதான்.
பால்டிக் காற்று அப்படி.
முன்னால் நின்று குளிரக் குளிரப் பேசும்,
பின்னால் வெயில் வேலையை முடித்திருக்கும்.
எங்கள் ஊரில் வெயிலுக்கு
வருஷத்தில் ஆறு வாரம்தான் தவணை.
அதற்குள் எல்லாக் கணக்கையும்
தீர்த்துக்கொண்டு போகிறது.

எங்கள் கணக்குத் தீர்ந்து பதினான்கு மாதம்.
ரம்பம் அவனுக்கு, தையல் இயந்திரம் எனக்கு.
பூனை யாருக்கென்று காகிதத்தில் இல்லை.
அது அடுப்படியை விட்டு நகரவில்லை, அவ்வளவுதான்.

முக்காலியைத் திருப்பிப் போட்டேன்.
முகம் ஜன்னலுக்கு,
முதுகு எனக்கு.

கழுத்திலிருந்து இடுப்புவரை எரிந்திருந்தது.
தொடுவதற்கு முன்பே
உள்ளங்கைக்குச் சூடு வந்தது.
அந்தச் சிவப்பின் நடுவே, இடது தோளுக்குப் பின்னால்,
வெள்ளையாக ஒரு கை.

உள்ளங்கை, விரல்கள், எல்லாம் அச்சாக.
யாரோ கிரீம் தடவியிருக்கிறாள்.
ஒரே ஒரு இழுப்பு.
அவசரமாக இருக்கலாம்.
விளையாட்டாகவும் இருக்கலாம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஆறிய கறுப்புத் தேநீரில் துணியை நனைத்தேன்,
பிழியாமல் அப்படியே போட்டேன்.
"ஸ்ஸ்" என்றான்.
"வெண்ணெய் தடவலாம் என்று அம்மா சொல்லுவாள்."
"உன் அம்மா சொல்லுவாள்.
வெண்ணெய் ரொட்டிக்கு.
சூட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்."

நாளைய பீட்ரூட் சூப்புக்கு வாங்கிய கெஃபீர்
ஒரு லிட்டர் இருந்தது.
உடைத்து ஊற்றினேன்.
புளித்த பால் தோள்மேட்டில் தயங்கி,
முதுகெலும்பின் வாய்க்கால் பிடித்து இறங்கியது.
வெள்ளை சிவப்பில் கலந்து,
நாளைக்கு நாங்கள் குடிக்கவேண்டிய சூப்பின் நிறமே
வந்துவிட்டது.
நாங்கள் இல்லை, நான்.

தடவிக்கொண்டே அந்தக் கையின்மேல்
என் கையை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
பெரிய கை. தலைகீழான கை:
விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி,
கிணற்றில் எதையோ துழாவுகிற மாதிரி.
நான்காவது விரல் பாதியில் நின்றிருந்தது.

மற்ற பாதியை
ரம்பம் கொண்டுபோன மத்தியானம்
நான் கூட இருந்தேன்.
மோதிரத்தைப் பிறகு
ஒரு ஆணிப் பெட்டியில் போட்டுவைத்திருந்தான்.

ஆக,
தோளுக்கு மேலே வலது கையை எறிந்து
எட்டின மட்டும் தடவியிருக்கிறான்.
எட்டின இடம் வெளுப்பாக.
அதற்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளி,
கொப்புளம்.

"முடிந்ததா?" என்றான் ஜன்னலிடம்.
"காயட்டும். இழுக்கும். அப்புறம் கழுவி
இன்னொரு தடவை."
பூனை வந்து
முக்காலிக்கடியில் சொட்டியதை நக்கிற்று,
தலையை நிமிர்த்தி அவனை ஒரு பார்வை பார்த்தது,
மறுபடி சொட்டுக்குத் திரும்பியது.

இரண்டாம் தடவை கடைசிக் கெஃபீரும் தீர்ந்தது.
பாட்டிலின் வயிற்றை அமுக்கினேன்,
காற்றுதான் வந்தது. இருவரும் சிரித்தோம்.
சிரித்ததில் அவன் தோல் இழுத்து
மறுபடி "ஸ்ஸ்."

போகும்போது சட்டை போடவில்லை.
"நாளைக்கு மற்ற பாதிக் கூரை" என்றான்.
"எத்தனை மணிக்கு ஏறுகிறாய்?"
"ஆறு."
"ஆறு" என்றேன் நானும்,
வேறு ஒன்றும் சொல்லாமல்.

சமையலறை முழுக்கப் புளிப்பு வாசம்.
முக்காலியைத் துடைத்தேன்.
ஜன்னலைத் திறந்தேன், இன்னும் இருட்டவில்லை.
அங்கேயே நின்று
வலது கையைத் தோளுக்கு மேலே எறிந்து
எதுவரை போகிறது என்று பார்த்தேன்.